கடலடியில் நின்றுபோன மின்னோட்டம்

காயல்பட்டினத்துப் படகோட்டிகளே, பேட்டைப் பட்டறைத் தோழர்களே, பாளையங்கோட்டை நண்பர்களே! சுண்ணாம்புச் சூளைக்காக நம் கடலின் பவளப்பாறைகளை உடைத்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதை எதிர்த்துப் பேசிப் பேசி என் தொண்டைதான் தேய்ந்தது. அப்படியொரு கூட்டத்திற்காக அம்பாசமுத்திரத்தில் பேருந்தைவிட்டு இறங்கியபோதுதான், வேதியியல் ஆசிரியர் ஞானமுத்து மறைந்தார் என்ற செய்தி தேநீர்க்கடைத் தொலைபேசியில் வந்தது. மேடை ஏறி அந்தச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் உடைப்பவரை ஏசிக்கொண்டிருந்தேன்; என் நண்பரோ உடைந்ததை வளர்க்க முனைந்தார். கடலடியில் இரும்புக் கம்பிச் சட்டம் நிறுத்தி, கரையிலுள்ள மின்கலங்களிலிருந்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு கம்பிமேல் படியும். அதில் கட்டிய பவளத்துண்டுகள் பற்றி வளரும் என்றார்.

எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான படகோட்டி மீரான் காக்கா சிரித்தார். "என்ன வாத்தியாரே, கடலுக்கு கரண்டு குடுக்கியளா? எங்க தெருவுக்கே ஒழுங்கா வரலியே!"

"ஒங்க தெரு கரண்டு ஆளக் கொல்லும் காக்கா. இது மீனக்கூட கூசவைக்காது."

முதற்சட்டத்தைச் சில வாரங்கள் கழித்துத் தூக்கினோம். கம்பி கரும்புச் சக்கையாய் இற்றிருந்தது. எதிர்முனையில் இணைக்க வேண்டிய சட்டத்தை நேர்முனையில் இணைத்துவிட்டார், அதையே ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர்! மின்கலங்களுக்கு மின்னேற்றித் தரும் பேட்டைப் பட்டறைக்காரர் சுடலை விடுவாரா? "பாடம் நடத்துத நீரே பெயிலா வே?"

"ஆமா வே. கடல் திருத்துன பேப்பர்லா, மறுகூட்டல் கிடையாது" என்றார். இரண்டாம் சட்டத்தைச் சரியாக இணைத்து இறக்கினார். அதில் வெண்சுண்ணாம்பு படிந்தது, பவளம் பிடித்தது.

கலங்களில் ஏற்றிய மின்சாரம் ஒரு வாரமே தாங்கும். வாரந்தோறும் கலங்களைப் பேட்டைக்கும் கடற்கரைக்குமாகப் பேருந்தில் சுமந்தார். நடத்துநர்களின் வசவையும் சேர்த்தே சுமந்தார். "சலிக்கலியா?" என்று ஒருமுறை கேட்டேன். "சலிக்காம என்ன? சலிச்சுக்கிட்டே தூக்குதேன். நீரு பேசும், நான் சொமக்கேன், ரெண்டும் வேணும்லா" என்றார்.

சலிப்போடும் செய்துகொண்டிருப்பது: அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றே. எனக்கும் களைப்புத்தான்.

அவர் மறைந்த வாரத்திலேயே மின்னோட்டம் நின்றது. இனி அந்த இரும்பு துருவேறும். பற்றிய பவளம் சட்டத்தோடு சரியும். மின்னேற்றிய கலங்கள் சுடலையின் பட்டறையில் தூக்க ஆளின்றி நிற்கின்றன. மீரான் காக்கா கரையில் காத்திருக்கிறார். அவர் படத்துக்குக் கொண்டுவந்த மாலைகளைக் கீழே வையுங்கள். கைதட்ட வேண்டாம். எழுங்கள், பட்டறைக்கு வாருங்கள், கலங்களை ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கள், இப்போதே வண்டியில் ஏற்றுங்கள்!