வெளியே போகாதவன்

என் தம்பி கறிக்கடை வைத்திருந்தான். வீட்டின் முன்னறை கடை. பின்னறையில் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். நடுவில் ஒரு கதவுதான். அவன் வேலையை அப்படிக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னோர் ஆட்டை அறுக்க மாட்டான். ஆட்டுக்குத் தெரியும்படி கத்தி தீட்ட மாட்டான். பிஸ்மில்லாஹ்வை வாய்க்குள் முணுமுணுக்காமல் தெளிவாகச் சொல்வான். மாலையில் வெட்டுக்கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் தேநீர் குடிப்பான். கறிக்கடையில் ஈயைத் தேட வேண்டியிருந்தது என்றால் அது என் தம்பி கடையாகத்தான் இருக்கும்.

பேச்சிலும் அவன் சளைத்தவன் இல்லை. "என்னப்பா, எலும்பை அள்ளிப் போட்டிருக்கே?" என்று யாராவது கேட்டால், "எலும்பில்லாத ஆடு பிறந்தா முதல் சேதி உங்களுக்குத்தாண்ணே" என்பான். கேட்டவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

அவனுக்கு ஒரே பெண் குழந்தை. நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே குழந்தை இறந்துபோனது. வராந்தாவில் டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "இப்படி ஒரு அல்லாஹ் எனக்கு வேணாம்" என்று கத்தினான். நானும் அவன் மைத்துனரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அன்று மாலையே குழந்தைக்கு ஜனாஸா தொழுகை நடத்தியவனும் அவன்தான். குழிக்குள் இறங்கிப் பிள்ளையைத் தன் கையால் வைத்தான். மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்கு முதல் வரிசையில் நின்றான். என்ன கத்தினோம் என்பதே அவனுக்கு நினைவில் இல்லை.

மைத்துனருக்கு இருந்தது. அவர் என் தம்பி மனைவியின் அண்ணன். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மார்க்கம் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் ஆசை வந்திருந்தது. பல மாதம் கழித்துப் பள்ளிவாசல் வகுப்பில் எழுந்து இமாமிடம், "இந்த வார்த்தையைச் சொன்ன ஒருத்தனுக்கு என்ன சட்டம்?" என்று கேட்டிருக்கிறார். யார், எப்போது, எந்த நிலையில் சொன்னான் என்று எதையும் சொல்லவில்லை. இமாம், "அப்படிச் சொல்றது குஃப்ர். மார்க்கத்தை விட்டே வெளியாக்கிடும், நிக்காஹும் முறிஞ்சு போகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மைத்துனர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கையைக் கைப்பிடித்து எழுப்பினார். அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

"மச்சான், என்ன இது?" என்றான் தம்பி, கையில் கறியோடு.

"நீ எனக்கு மச்சான் இல்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சு போச்சு. இவளை உங்கூட விட்டு வெச்சா பாவம் எனக்கு." அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அந்த வாரமே கடை காற்று வாங்கியது. மார்க்கத்தை விட்டுப் போன காஃபிர் அறுத்த கறியை யார் வாங்குவார்கள்? கொக்கியில் தொங்கிய ஆட்டை மாலையில் இறக்கிக் குழி தோண்டிப் புதைத்தான் தம்பி. பள்ளியில் அவன் நின்ற இடத்துக்கு இரு பக்கமும் ஆள் விலகி நின்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் இமாம் பதறிப்போய் வீட்டுக்கு வந்தார். "நான் சொல்லைப் பத்திச் சொன்னேன்மா, ஆளைச் சொல்லலை. ஒரு ஆளைப் பேர் சொல்லிக் காஃபிர்னு சொல்ல, முதல்ல அவனைக் கூப்பிட்டு விசாரிக்கணும். தெரிஞ்சு சொன்னானா, மனசார சொன்னானா, புத்தி நிலையில இருந்துச்சான்னு கேக்கணும். துக்கத்துல அறிவு தப்பி வந்த வார்த்தைக்குக் குத்தமே இல்லை. தப்பா சொல்லிட்டா அந்தச் சொல் சொன்னவன் மேலயே திரும்பிடும்."

"அப்ப இதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றேன்.

சொல்வதற்கு முன் ஜமாஅத் தலைவர் குறுக்கே வந்தார். ஊர் இரண்டுபடக் கூடாது என்பது அவர் கவலை. "எதுக்கு இழுத்துக்கிட்டு? நாலு பேர் முன்னாடி ஒரு தடவை கலிமா சொல்லிட்டு மார்க்கத்துக்கு உள்ள வந்துடட்டும். பொண்டாட்டி வீட்டுக்கு வந்துடும். கதை முடிஞ்சுது."

தம்பி மறுத்துவிட்டான். "கலிமாவைத் தினம் தொழுகையில சொல்றேங்க்கா. எனக்கு அது வலிக்காது. ஆனா உள்ள வரேன்னு சொல்லிட்டா, அன்னையிலேர்ந்து வெளியே இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கப்புறம் உண்டானதுதானே அவ வயித்துல இருக்கிறது? அதை என்னன்னு சொல்வாங்க?"

என் தம்பி ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஊரில் ஒருவருக்கும் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது.

ஆனால் அவன் மனைவி போன் பண்ணினாள். மாதம் நெருங்கிவிட்டது, பயமாக இருக்கிறது என்று அழுதாள். "எனக்காக ஒரு தடவை சொல்லிடுங்களேன். நான் உங்ககிட்ட வந்துடணும்." "சரி" என்றான் அவன்.

பள்ளியில் பெண்கள் தொழும் அறைக்கும் கமிட்டி அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. நானும் அவளும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். இமாம், "இது தேவையே இல்லை, இவர் வெளியே போகவே இல்லை" என்றது கேட்டது. "ஹஜ்ரத், நல்ல காரியத்தைக் கெடுக்காதீங்க" என்றார் தலைவர். இமாமின் குரல் அதற்குமேல் எழவில்லை. தம்பி கலிமா சொன்னான். கடையில் பிஸ்மில்லாஹ் சொல்வதைப் போலவே தெளிவாக.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் வந்தது. அப்போது மைத்துனர் கேட்டார்.

"சந்தோஷம். புதுசா நிக்காஹ் வெச்சுக்கலாம். ஆனா இடையில உண்டானது இருக்கே, அதுக்கு என்ன சட்டம்?"

"அதுல ஒண்ணும் குறை இல்லை, அல்லாஹ்வுக்காகக் கேளுங்க" என்று இமாம் ஏதோ ஆரம்பித்தார். என் தம்பியின் செருப்புச் சத்தம் வாசலைக் கடந்து போனது.

"எந்திரிம்மா, அவன் பின்னாடியே போயிடலாம்" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, வெளியே போகாதவரு ஏன் திரும்பி வந்தாரு? அவரே சொல்லிட்டாரே."

"நீதானேம்மா சொல்லச் சொன்னே!"

"ஆமா. சொல்ல மாட்டாருன்னு நினைச்சேன் போலிருக்கு."

அண்ணன் வந்து கூப்பிட்டார். போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இமாம் மேடையில் ஏறி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். தன் மேல்தான் தவறு என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

பையன் பிறந்தான். மறு நிக்காஹுக்கு ஆள் மேல் ஆள் விட்டார்கள். "புள்ளை பொறந்ததுக்கு அப்புறம் ஒரு தேதியை நிக்காஹ் புத்தகத்துல நான் போட்டா, புள்ளை மேல நானே முத்திரை குத்தின மாதிரி" என்று தம்பி மறுத்துவிட்டான். கடையைக் காலி செய்துவிட்டு, வெளியூரில் ஒரு பெரிய அறுப்புக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். யாரும் யாரையும் கேட்காத இடம். எப்போதாவது வந்தால் பின்னறையில் படுத்துத் தூங்குவான், பேச்சு இல்லை.

நான் மட்டும் பையனைப் பார்க்கப் போவேன். என் தம்பியின் காது அவனுக்கு அப்படியே இருக்கிறது. பேச்சு வந்த புதிதில், "அத்தை சொல்லு, அத்தை" என்று மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மைத்துனர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"அத்தைன்னா அப்பன் யாருன்னு நாளைக்குக் கேப்பான். பெரியம்மான்னு கூப்பிடட்டும்."

அவள் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது அவனுக்குப் பேச்சு நன்றாக வருகிறது. என்னைத் தெருமுனையில் கண்டதுமே, "பெரியம்மா!" என்று ஓடி வருகிறான்.