சாவதில் கைதேர்ந்தவர்

மூக்கின் மேல் ஈ உட்கார்ந்திருக்கிறது. ஜெயக்கொடி விரட்டுவதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸுக்காகப் பையை மடியில் வைத்துக் காத்திருப்பவர், அது தானாகக் கிளம்பும்வரை இமைகூடக் கொட்டமாட்டார். பார்க்கிற எனக்குத்தான் மூக்கு அரிக்கிறது. "ஓட்டி விடுங்கம்மா" என்றால், "பளக்கம் தம்பி. ஈய ஓட்டினா அடுத்த தபா கூப்புட மாட்டாங்க" என்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் சினிமாவில் பிணமாக நடித்தவர். கதாநாயகனின் தாய், வில்லனின் பெரியம்மா, வெள்ளத்தில் ஒதுங்கிய யாரோ ஒருத்தி என்று அவர் சாகாத சாவில்லை. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டமே ஏறி மிதித்தாலும் அசையமாட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு ஒரே ஒரு குறைதான். "எத்தினி பேரு கையால வாய்க்கரிசி துன்னுருப்பேன்! ஒருத்தன்கூட களுவிப் போட்டதில்ல."

பிணமாகக் கிடந்து எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும், பூசணிக்காய் உடைப்பார்கள். திருஷ்டி கழிய. அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வந்ததில்லை.

அறுபத்து நாலாவது வயதில், டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் ஒருநாள் பிணமாகப் போனார். மருமகளாக நடித்த சுவாதி ஒப்பாரியின் நடுவே வசனத்தை மறந்து திருதிருவென்று விழிக்க, பாடையில் கிடந்த மாமியார் கண்ணைத் திறக்காமலே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டைரக்டர் ராஜாராம் அங்கேயே கதையை மாற்றினார். மாமியார் சாகவில்லை, வேலை சொன்னால் செத்ததுபோல் விழுந்துவிடுகிறவர். மூன்று வருடமாக, "நான் பூட்டேன்டி!" என்று அவர் சாய்ந்தால் வீட்டுக்கு வீடு சிரிப்பு.

ஊரில் அவரால் நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்க முடியவில்லை. காய்க்கடை ஆதிமூலம், "ஒரு தபா செத்துக் காட்டும்மா, கொத்தமல்லி சும்மா தரேன்" என்பார். ஜெயக்கொடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வெங்காய மூட்டைமேல் சாய்வார். கொத்தமல்லி கைக்கு வந்தால்தான் உயிர் வரும். கறிவேப்பிலையும் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

போன மாதம் ராஜாராம் போன் செய்தார். தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். மாமியாரை நிஜமாகவே சாகடித்தால் கூடுமாம். நான் போனபோது ஜெயக்கொடி உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சாவறதுக்கு இன்னா தம்பி, என் தொளிலே அதான். ஆனா இதுலதான் என் பேரு போடறாங்க. பொணத்துக்கு எவன் பேரு போடுவான்?"

அவர் பேசி நான் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

சாவை எங்கள் ஊரிலேயே எடுத்தார்கள், பின்னால் ராஜகிரி மலைக்கோட்டை தெரிகிற மாதிரி ஒரு வீட்டு வாசலில். சுவாதி ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், மறுநாளே ஒளிபரப்பு. இன்னொரு தரம் எடுக்க நேரமில்லை.

"ஒரே டேக்தாம்மா. உங்களுக்கா சொல்லித் தரணும்?" என்றார் ராஜாராம்.

"நீ ஸ்டார்ட் சொல்லு சார்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சுவாதி அழுதார். வேடிக்கை பார்க்க வந்த ஆதிமூலம், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், நிஜமாகவே அழுதார். நெற்றிக் காசு அசையவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. இத்தனை ஒழுங்காகச் செத்துத் தொலைக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஓர் ஆள் பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். கேமரா முகத்திலிருந்து இறங்கி, மாலைமேல் ஊர்ந்து, கடைசியாகப் பாதங்களுக்கு வந்து நின்றது.

சேர்த்துக் கட்டியிருந்த கால் பெருவிரல்களில் ஒன்று, நிதானமாக, இரண்டு தரம் ஆடியது.