மணி கட்டிய சாவி

எங்கள் ஜீப் கொட்டகைத் தூணில் ஓர் ஆணி உண்டு. அதில் எங்கள் வீட்டுச் சாவி எதுவும் தொங்கி நான் பார்த்ததில்லை. தொங்கியதெல்லாம் ஊரார் வண்டிகளின் சாவிகள்தான். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் அப்பா வண்டி அடகு பிடிக்கிறவர் என்று நினைத்திருப்பார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் அப்படியே நினைத்து, வட்டி எப்படி என்று அம்மாவிடம் விசாரித்தும் விட்டார்.

உண்மையில் அந்த ஆணி புல்லருக்கு உரியது. பழைய ஜீப்பின் பின்சக்கர பிரேக் டிரம் வெறுங்கைக்கு வராது. சுத்தியலால் அடித்தால் டிரம் உடையும், இல்லாவிட்டால் அச்சு கெடும். டிரம்மின் போல்ட்டுகளில் கால்களை மாட்டி, நடுவில் இருக்கும் தடித்த திருகை முறுக்கி இழுக்கிற இரும்புச் சாமான் ஒன்று வேண்டும். அதுதான் புல்லர். கடையில் விற்கிற புல்லர் அந்த வண்டிக்குச் சேராது. எங்களுடையது பட்டாளத்து ஏலத்தில் ஜீப்போடு வந்தது. கோழிப்பண்ணை வைத்துப் பிழைத்த அப்பாவுக்கு, முட்டை விலை ஏறினால் வருகிற சந்தோஷத்தைவிட அந்தச் சாமானைக் கேட்டு யாராவது வந்தால் வருகிற சந்தோஷம் பெரிது.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடக்கிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருந்தவர் ஒருவர், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் ஒருவர், இப்படி. எல்லோருக்கும் எப்போதாவது புல்லர் தேவைப்படும். அதற்காக அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புல்லரை எடுத்துப் போகிறவர் தன் ஜீப்பின் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். சக்கரம் கழன்று நிற்கிற வண்டிக்குச் சாவி எதற்கு? வேலை முடிந்ததும் புல்லர் ஆணிக்கு வரும், சாவி அவர் வீட்டுக்குப் போகும். சாவி ஆணியை விட்டு இறங்கிவிட்டால் அந்த விஷயம் அத்தோடு தீர்ந்தது. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கைபேசியில் குழு வைத்து, முன்பணமும் நாள்வாடகையும் பேசித்தான் சாமான் தருகிறார்கள். தப்பில்லை. ஆனால் சாவி வழக்கத்தின் மேல் எனக்கு இருந்த பக்தி வேறு. ஐந்தாம் வகுப்புக்குத் தலைவியாக இருந்தவள் நான். சட்டம் என்று யார் எதைச் சொன்னாலும் எனக்குப் பிடிக்கும்.

அந்த ஆணிக்கு அடிக்கடி வந்த சாவி பெரியப்பாவுடையது. கன்றுக்குட்டி கழுத்தில் கட்டுகிற சின்ன வெண்கல மணி அதில் கோத்திருக்கும். காற்றடித்தால் கிணிங் என்னும்.

பெரியப்பா வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அப்பாவும் அவரும் ஒன்றாக ஏலத்துக்குப் போய் ஆளுக்கொரு ஜீப் எடுத்து, இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து பச்சை அடித்தவர்கள்தான். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது பாகம் பிரித்தார்கள். காடும் கிணறும் மாடுகளும் சுமுகமாகப் பிரிந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் வண்டித்தடம் யாருக்கு என்பதில் வாய் தடித்து, சொல்லக்கூடாததைச் சொல்லி, அன்றோடு பேச்சு நின்றது. மிஞ்சியது புல்லர். அதை இரண்டாக அறுக்க முடியாது. தம்பியிடம் இருக்கட்டும், அண்ணன் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்று பாகம் பிரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் புல்லர் ஒன்றுதான் போக்குவரத்தாக இருந்தது. அதைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகிற வேலை என்னுடையது.

பெரியப்பா தடத்து ஓரம் வந்து நின்று என்னைக் கையாட்டிக் கூப்பிடுவார். "சாமி, உங்கொப்பன்கிட்ட புல்லர் வேணும்னு சொல்லு. எடது பக்கச் சக்கரம் சுத்தாம கட்டிக்கிச்சு."

நான் போய்ச் சொல்வேன். அப்பா முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். மற்றவர்களுக்கு என்றால் ஆணியிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்கிறவர், பெரியப்பாவுக்கு என்றால் உட்கார்ந்துவிடுவார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, திருகின் மரை மரையாக விரலால் கிரீஸ் வைத்துத்தான் சாக்கில் சுற்றுவார். அங்கே போனதும் பெரியப்பா முதலில் அந்தத் திருகைத்தான் தொட்டுப் பார்ப்பார். "எத்தன கிரீசு அப்பியிருக்கறான் பாரு. அந்தப் பழக்கத்த இன்னும் உடல" என்பார். திரும்பி வந்தால் அப்பா சாக்கைப் பிரித்து முகர்ந்து, "தொடச்சுத்தான் குடுத்துருக்காரு" என்பார். ஓர் இரும்புத்துண்டின் நலத்தை இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி விசாரித்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்த டிரம்மைக் கழற்ற வேண்டிய அவசியம் ஒரு வண்டிக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் வரும். பெரியப்பா வண்டிக்கோ மழை பெய்தால் வரும், நோம்பி, திருவிழா வந்தால் வரும், எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் வரும். நாமக்கல்காரர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "ஏனுங், உங்கண்ணன் வண்டிச் சக்கரம் எத்தன தடவதானுங்க கட்டிக்கும்? நாம ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தா என்னங்க?" என்று சிரித்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் பெரியப்பாவுக்கு உடம்பு கெட்டது. சிறுநீரகம் என்றார்கள். ஆள் பாதியாகி, முகம் மட்டும் உப்பிப்போனது. அம்மா பண்ணைக்குப் போகிற சாக்கில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்துவாள். "ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வந்துருங்க. அப்புறம் நெனச்சாலும் முடியாது" என்று அப்பாவிடம் ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"அவரு வாயத் தொறந்து கூப்பிட்டாரா?" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவினார்.

அதற்குச் சில நாள் கழித்துப் பெரியப்பா ஒரு கோலை ஊன்றிக்கொண்டு தடத்து ஓரம் வந்தார். புல்லர் வேண்டுமாம். வழக்கம்போல கிரீஸ், சாக்கு, சைக்கிள். அவர் வீட்டுக்குப் போனால், ஜீப் நிற்கிற கொட்டகையில் ஆடுகள் கட்டியிருந்தன. தரையில் பழைய எண்ணெய்க் கறை இருந்தது, வண்டி இல்லை.

"ஜீப்பு எங்கீங்க பெரியப்பா?"

"வெளிய போயிருக்குது சாமி."

"அப்புறம் புல்லர் எதுக்குங்க?"

பெரியப்பா திருகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி கட்டிய சாவியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

இது பெரிய குற்றம் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் முறையிட்டேன். "அங்க ஜீப்பே இல்லீங்கப்பா. ஆடு கட்டியிருக்குது. வண்டியில்லாத சாவி செல்லாதுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். வைத்தியத்துக்கு விற்றுவிட்டார்கள், வெளியூர்க்காரன் வந்து ஓட்டிப்போனான், வந்தவனிடம் பெரியப்பா ஒரு சாவியை மட்டும் கொடுத்துவிட்டு இன்னொன்று காணாமல் போயிற்று என்று சொல்லிவிட்டாராம் என்று அம்மா சொன்னாள். அப்பா என்னிடமிருந்து சாவியை வாங்கி, மணி அடிக்காதபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் ஆணியில் மாட்டினார்.

"செல்லும்" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா எங்கள் ஜீப்புக்கு ஜாக்கி கொடுத்து, இடது பின்சக்கரத்தைக் கழற்றினார். அந்தச் சக்கரத்துக்கு ஒரு குறையும் இல்லை. முந்தின நாள்தான் அந்த வண்டியில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். பிறகு கையைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார். "வா. புல்லர் கேட்டு வாங்கிட்டு வரலாம்" என்றார். நம்முடைய சாமானை நாமே இரவல் கேட்டுப் போவதா என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனால் சட்டப்படி சரிதான். புல்லர் அங்கே இருக்கிறது, வேண்டுகிறவர்தான் சாவியோடு போகவேண்டும்.

தடத்தில் அப்பா நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டில் சாக்கில் சுற்றியபடியே புல்லர் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. அப்பா கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். இப்போது தடத்தைப் பற்றிப் பேசுவார்கள், சண்டை வரும் அல்லது சமாதானம் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"புல்லர் வேணுமுங்க" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கமுங்க. கட்டிக்கிச்சு."

பெரியப்பா கையை நீட்டித் தலைமாட்டுச் சாக்கைத் தொட்டார். பிறகு, "ஒரேயடியா முறுக்காத. ஓரளவுக்கு இறுக்கிப்போட்டு, திருகுத் தலைல ஒரு தட்டு தட்டிட்டு உட்டுரு. போயி வேற வேலையப் பாரு. எப்ப வருதோ அப்ப வரட்டும். ரோசத்துல முறுக்குனா அச்சு போயிரும்" என்றார்.

"அன்னைக்கே சொன்னீங்க. நாந்தான் கேக்கல" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேசினார்கள். அப்பா சாவியை நீட்டினார். பெரியப்பா அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். வீங்கிய காலில் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. பெரியம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பி நின்று அழுதாள். வெயில் ஏறி, அப்பா எழுந்து, "வாரேனுங்" என்று கிளம்பினார். தடத்தில் பாதிதூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா, புல்லர எடுக்காமயே வாரமுங்க."

"அண்ணனுக்கு இன்னும் வேல முடியலியாம் சாமி."

அதற்குப் பிறகு அப்பா தினமும் புல்லர் கேட்டுக்கொண்டு போனார். தினமும் வெறுங்கையோடு வந்தார். கழற்றிய சக்கரத்தை இரண்டாம் நாளே மாட்டிவிட்டார், ஆனால் சாவியைக் கேட்டு வாங்கவில்லை. தீவன மூட்டையை மொபெட்டில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வண்டி சும்மா நிற்கிறது, இந்த மனுஷர் இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று எனக்குக் கோபமாக வரும். ஒருநாள் அங்கேயிருந்து பெரியப்பா இருமி இருமிச் சிரிக்கிற சத்தமும், கூடவே அப்பா சிரிக்கிற சத்தமும் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அம்மா உலையில் அரிசி போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பெரியப்பா போய்விட்டார். அப்பாதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தார். அவர் தடத்தில் விழுந்து அழுததையும், அவரைத் தூக்கி நிறுத்த ஆட்கள் ஓடியதையும் நான் பார்த்தேன். பயமாக இருந்தது.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, ஒருநாள் சாயங்காலம் பெரியம்மா தடத்து வழியாக வந்தாள். இடுப்பில் சாக்கில் சுற்றிய புல்லர், கையில் எங்கள் ஜீப் சாவி. இரண்டையும் கொட்டகையில் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"உங்க சாமானுங்க தம்பி. சாவியும் இருக்குது. அவரோட சாவியக் குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போறேன்."

நான் வகுப்புத் தலைவியாயிற்றே. ஓடிப்போய் ஆணியிலிருந்து மணி கட்டிய சாவியை எடுக்கக் கையை உயர்த்தினேன். அப்பா என் கையைப் பிடித்து இறக்கினார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம்.

"அண்ணனுக்கு இன்னும் வேல முடியலீங்களே நங்கை" என்றார். "முடியட்டும். சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெரியம்மா ஆணியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எங்கள் சாவியை மடியில் செருகிக்கொண்டு, புல்லரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வண்டியே இல்லாத வீட்டுக்குப் புல்லர் எதற்கு? கொண்டுவந்து கொடுத்த சாவியை யாராவது திருப்பி அனுப்புவார்களா? சாவி இல்லாவிட்டால் என்ன, இரண்டு ஒயரைச் சேர்த்தால் ஓடிவிடும் வண்டி அது. பள்ளிபாளையத்துக்காரர் வண்டியை அப்பா அப்படி எடுத்துக்கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். தன் வண்டிக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போது காற்றடித்தது. ஆணியில் மணி கிணிங் என்றது.

"ஏனுங்" என்றார் அப்பா. அவர் குரல் மெதுவாக, பெரியவர்கள் கூப்பிட்டால் பதில் கொடுக்கிற மாதிரி இருந்தது.

யார் கூப்பிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். தடத்தில் யாரும் இல்லை.