முந்நூற்றேழாம் நம்பர் கதவு

முப்பிடாதியம்மாள் மும்பையில் தாராவிக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. பழைய பிளாஸ்டிக் சேரும் ஒரு கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. ஒரு மூடியை எடுத்து நகத்தால் தட்டினால் போதும், அது எந்த மூட்டைக்குப் போக வேண்டியது என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் கடித்துப் பார்ப்பாள். கட்சிக்காரர்களைத் தட்டிப் பார்க்கவும் முடியாது, கடித்துப் பார்க்கவும் முடியாது. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள்.

போன வருஷம் சர்வேக்காரர்கள் அவள் சந்துக்கு வந்தார்கள். இருக்கிற வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், கதவில் நம்பர் விழுந்த வீட்டுக்குத்தான் புது வீடு என்று சந்து முழுக்கப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவள் கிடங்கில் இருந்தாள். புருஷன் பூதத்தான் குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தான். பூட்டிய வீட்டுக்கு நம்பர் கிடையாதாம். இடது பக்கத்து வீட்டுக்கு 218, வலது பக்கத்து வீட்டுக்கு 219 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் இருபது வருஷமாகக் குடியிருப்பது கணக்குப் பாடத்துக்குத் தெரியவில்லை.

அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். "விட்டுப்போன வீடுகளுக்கு மறுபடி வருவோம்" என்றார்கள். என்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் சுடலைக்கண்ணன் வந்தான். அதே சந்துக்காரன், பூட்டு சின்னத்துக் கட்சியின் வார்டு ஆள். ஆட்சியில் இருப்பது பூட்டுதான்.

"மைனி, மந்திரி ஒரு ஏழை வீட்ல சாப்பிடணும்னு ஆசப்படுதாவ. உங்க வீட்டச் சொல்லிட்டேன். சாப்பிட்ட கையோட உங்க நம்பர் விஷயத்தக் காதுல போட்டிருவோம்."

"என்ன கொழம்பு வைக்க?"

"நீங்க ஒண்ணும் வைக்காண்டாம். எல்லாம் ஓட்டல்ல இருந்து வந்திரும். கரண்டியப் பிடிச்சிக்கிட்டு நின்னாப் போதும்."

வீடு தேடி வந்தவரை ஓட்டல் சாப்பாட்டோடு அனுப்புவதா? அவள் பாட்டுக்குச் சாளை மீன் குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள்.

மந்திரி வருவதற்கு முன் நாலு பேர் வந்து வீட்டை ஏழையாக்கினார்கள். டிவியும் பீரோவும் வெளியே போயின. ஒரு மண்பானையும் அரிக்கேன் விளக்கும் உள்ளே வந்தன. பூதத்தான் முகம் மழித்திருந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவனையும் பீரோவோடு வெளியே நிறுத்திவிட்டார்கள். பிறகு மந்திரி வந்தார், பதினாலு காமிராக்களும் வந்தன. மந்திரி ஓட்டல் பன்னீரை வாய் வரைக்கும் கொண்டுபோவார், படம் எடுத்து முடித்ததும் கீழே வைத்துவிடுவார். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

முப்பிடாதியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பதற்றத்தில் முப்பது வருஷத்து இந்தியும் மறந்துபோக, சோற்றுச் சட்டியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "ச்சோறு, ச்சோறு" என்றாள். அவள் ஊர்ப்பக்கம், நாங்குநேரிக்குத் தெற்கே, அந்தச் 'ச'வை அழுத்தித்தான் சொல்வார்கள். காமிராக்களுக்கோ இந்திக் காது. இந்தியில் சோர் என்றால் திருடன். 'மந்திரியின் முகத்துக்கு நேரே திருடன் என்ற தாராவித் தாய்' என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஓடிற்று.

பூட்டுக் கட்சி சும்மா இருக்குமா? அந்தப் பெண் நடிகை, அது வீடே இல்லை, எதிர்க்கட்சி போட்ட சினிமா செட் என்று அறிக்கை விட்டது. அதற்கு ஆதாரம், கதவில் நம்பர் இல்லை என்பது.

"ஏ சுடலை, சோறுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதால? எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மைனி. அதுக்குள்ள நீங்க நடிகைன்னு அறிக்கை போயிட்டு. இனி மாத்தினா கட்சி பொய் சொன்னதா ஆயிரும்லா."

அடுத்த வாரம் எதிர்க்கட்சித் தலைவர் வந்தார். அவர்கள் சின்னம் சாவி. ரஞ்சனா என்ற மகளிர் அணிக்காரி முன்னால் வந்து வீட்டை இன்னொரு தரம் ஏழையாக்கினாள். இந்த முறை முப்பிடாதியம்மாள் உஷார். மாட்டுங்கா ஐயர் வீடுகளில் பேசுவதுபோல் நாக்கை மடித்து, "சாதம்" என்றாள். தலைவர் ரெண்டு கவளம் நிஜமாகவே விழுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து கை கழுவி, பிரஷ் வாங்கி, "அரசு தராத நம்பரை நான் தருகிறேன்" என்று கதவில் சிவப்பு பெயிண்டால் 307 என்று எழுதினார். அது அவருடைய கார் நம்பரின் கடைசி மூன்று எண்.

மறுநாள் பூட்டுக் கட்சி கொதித்தது. எங்கள் மந்திரிக்குச் சோர், உங்கள் தலைவருக்குச் சாதமா, இதுதான் உங்கள் நியாயமா என்று கேட்டது. உங்கள் மந்திரிக்காகப் பானையும் விளக்கும் வந்ததை மறந்துவிட்டு எங்களிடம் நியாயம் கேட்பதா என்றது சாவிக் கட்சி. விளக்கம் சொல்ல டிவிக்காரர்கள் மாட்டுங்காவிலிருந்து சந்திரமௌலி என்ற ரிட்டையர்டு குமாஸ்தாவைக் கூட்டிவந்தார்கள். "அந்த வார்த்தை எங்காத்துல புழங்கறதில்லை, நான் எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, அவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

நிஜமான சர்வேக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்தார். முப்பிடாதியம்மாள் பத்து நாளாக வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கதவைப் பார்த்தார், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார்.

"ஹோ கயா, மௌசி. முன்னூத்தி ஏழு. முடிஞ்சிருக்கு" என்றார் இந்தியில். "கோழிக்கடைன்னு பதிவாகியிருக்கு."

கோழிக்கடை நாலு சந்து தள்ளி இருக்கிறது என்றாள். நம்பர் இல்லாத கதவுக்குத்தான் நம்பர் எழுதலாம், நம்பர் இருக்கிற கதவைத் தொட உத்தரவில்லை என்றார் அவர். உள்ளே ஓடிப்போய் மீன் அரிகிற கத்தியை எடுத்துவந்து பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினாள்.

மூன்றைச் சுரண்டி முடிப்பதற்குள் ரஞ்சனா வந்துவிட்டாள், போனைத் தூக்கிப் பிடித்தபடியே. தலைவர் கைப்பட எழுதியதை அழிக்கிறாயே, பூட்டுக் கட்சியிடம் விலை போய்விட்டாயா என்று கதவைக் கட்டிப்பிடித்தாள். பின்னாலேயே சுடலைக்கண்ணனும் போனோடு வந்தான்.

"மைனி நம்ம பக்கம் வந்துட்டாவ. அப்படியே சுரண்டுங்க மைனி, மெதுவா, மூஞ்சிய இங்கிட்டுத் திருப்பி."

சர்வேக்காரர் பையை மாட்டிக்கொண்டார். தகராறு இருக்கிற கதவில் எழுதமாட்டேன், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டாள். தெரியாது என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தில் குரல்கூட உயரவில்லை. அன்றைக்குப் பட்டறைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பூதத்தானை உள்ளே பார்த்து, "ஏங்க, அந்த ஸ்பேனர எடுத்துட்டு வாங்க. கதவக் கழட்டுங்க" என்றாள்.

"ஏளா, கதவு இல்லாம எப்படி இருக்க?"

"நம்பர் இல்லாம எங்க இருக்க?"

பூதத்தான் லேத்துக்காரன், கீல் கழற்ற அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? கதவு கையோடு வந்தது. அவள் அதை வாங்கி ரெண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள். ரஞ்சனா ஒரு முனையைப் பிடித்தாள், தலைவரின் கையெழுத்துக்கு ஆதாரம் வேண்டுமே. சுடலைக்கண்ணன் மறுமுனையைப் பிடித்தான், அழிந்த மூன்று அவனுக்கு ஆதாரம். ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டே, ஒருவரையொருவர் வேஷக்காரர் என்று ஏசிக்கொண்டே, கதவை இழுத்தபடி சந்து முனைக்குப் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

"இப்போ தகராறுள்ள கதவு இல்லையே, சாகிப். சுவர் இருக்கு" என்றாள் அவள் இந்தியில்.

அவர் கதவில்லாத வாசல் நிலையைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்து, ஆதார் அட்டைகளைக் கேட்டு வாங்கி, டேப்லெட்டில் என்னென்னவோ தட்டி, நிலைக்குப் பக்கத்துச் சுவரில் 218-A என்று கறுப்பு பெயிண்டால் எழுதினார். அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை. சந்து முனையிலிருந்து கூட்டம் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. முப்பிடாதியம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, பெயிண்ட் காய்கிற வரைக்கும் அந்த நம்பரை மறைத்துக்கொண்டு நின்றாள்.