சந்தனம் வைத்த டெலஸ்கோப்

போன வாரம் கடைக்கு பைக் விட வந்த ஒருவர், பரண் மேல் துணி சுற்றிக் கிடந்ததைப் பார்த்து, "என்னங்க தம்பி, போர்வெல்லுக்குள்ள இறக்குற பைப்பை மேல ஏத்தி வச்சிருக்கீங்க?" என்றார்.

டெலஸ்கோப், எங்கள் அக்காவுடையது என்றேன். சிரித்தார். அதற்கு மேல் அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்...

ஒரத்தநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்கா லேப் அசிஸ்டென்ட். குழிந்த கண்ணாடி ஒன்றைக் கூரியரில் வரவழைத்தாள். டெலஸ்கோப்புக்கு உயிரே அந்தக் கண்ணாடிதான் — வெளிச்சத்தை அள்ளிக் குவிப்பது அது. எட்டாவதோடு நின்ற மெக்கானிக் நான் என்ன செய்ய முடியும்? பிவிசி பைப்பை அறுத்துக் குழாய் ஆக்கினேன். பழைய ஸ்கூட்டர் பேரிங்கில் அது சுழல ஸ்டாண்ட் வெல்டு பண்ணினேன்.

நிலாவின் பள்ளங்களைப் பார்த்தோம். வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலாக்களை நாலு புள்ளியாகப் பார்த்தோம். சனியின் வளையம் மட்டும் பாக்கி. சாயங்காலத்தில் சனி மேலே வருகிற மாதங்கள் வந்தபோது அக்கா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கீமோவில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சே வளையம்தான். வீட்டில் நோயை வைத்துக்கொண்டு சனியையா போய்ப் பார்ப்பது என்று அம்மா சண்டை பிடித்தாள்.

"அது ஏற்கனவே நம்மளத்தாம்மா பார்த்துக்கிட்டிருக்கு. நாமளும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம்" என்றாள் அக்கா.

அன்றைக்கு ஆயுத பூஜை. ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. நமக்கு ஒன்றின் மேல் மரியாதை வந்துவிட்டால் உடனே அதைக் கழுவ வேண்டும், இல்லையா? வண்டியோ, மாடோ, அரிவாளோ... டெலஸ்கோப்பை மட்டும் எப்படி விடுவது?

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். ஒரே தூசி. சோப்புத்தூள், தேங்காய் நார் — அழுத்தித் தேய்த்தேன். துடைத்து, நடுவில் சந்தனம், குங்குமம். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஈரம் என்று நினைத்தேன். திரும்ப மாட்டிவிட்டேன். மனசுக்குள் பெருமை வேறு.

இருட்டியதும் அக்காவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். குழாயைச் சனி இருக்கிற பக்கம் திருப்பி வைத்தேன். குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஒரே புகையா இருக்குடா. மருந்து என் கண்ணையும் வாங்கிடுச்சு போல."

நான் பார்த்தேன். புகைதான். அப்போதுதான் அந்தத் திட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன.

"எனக்குத் தெரியுதேக்கா."

"வளையம் இருக்கா?"

"இருக்கு."

"எப்படி இருக்கு?"

"தொப்பி போட்ட மாதிரி..." எப்போதோ போட்டோவில் பார்த்ததைச் சொன்னேன்.

சிரித்தாள். "நீயாவது பார்த்தியே. இனிமே நீயே வச்சுக்க."

ஏன் பொய் சொன்னேன்? திட்டுவாளே என்றா? அவள் என்னைத் திட்டியதே இல்லை. சேர்ந்து ஆசையாகச் செய்ததைப் பூஜையன்று நானே கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் மழை பிடித்தது. மழை நின்றதும் சொல்லலாம் என்று இருந்தேன். ஐப்பசி மழை... அது விடுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

பிறகு ஒரு காலேஜ் சாரிடம் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்னால் இருக்கும், இதற்கு மேலேயே இருக்கும், தேய்த்தால் போய்விடும் என்றார். நடுவில் வைத்த பொட்டால் ஒன்றும் கெடுதல் இல்லையாம். புதுப் பூச்சுப் போட்டுக்கொள்ளலாமாம். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பி, யார் பார்க்க?

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் என்னென்னவோ பேசுகிறேன். இந்த வாரம் அவளிடம் ஒன்று சொல்ல இடம் கொடுங்கள்.

அக்கா, உன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் ஒண்ணும் தெரியல.