பஸ்ஸைத் தவறவிட்ட சந்தோஷம்

பஸ்ஸைக் கோட்டை விட்ட ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகக் கை அசைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு, அந்தமானின் பாராடாங் தீவில்.

அவர் குமரேசன். என் நண்பர். டூரிஸ்ட்டுகளைச் சுண்ணாம்புக் குகைக்கு அழைத்துப் போகும் ஸ்பீட் போட் ஓட்டுகிறார். எப்படிப்பட்ட காற்றிலும் படகு அவர் சொன்னபடி கேட்கும். பெரிய ஃபெர்ரி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் போர்ட் பிளேரில் தேர்வு எழுத வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஒரு தடவை தேர்வு நாளன்று யாரோ வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்றப் போய்விட்டார். இன்னொரு தடவை பக்கத்து வீட்டு மாட்டைத் தேடப் போனார். மாடு தானாகவே திரும்பி வந்தது. தேர்வு வருமா?

"இந்தத் தடவை நீங்களே கையோட கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே" என்றார் அவர் மனைவி வனஜா. ஒரு கல்யாணத்துக்காகப் பாராடாங் போயிருந்த நான், போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பும்போது அவரையும் பஸ் ஏற்றினேன்.

பஸ்ஸோடு எங்களையும் ஃபெர்ரி அக்கரையில் இறக்கியது. அங்கிருந்து பழங்குடியினர் வாழும் காட்டுக்குள் போகும் சாலை. போலீஸ் காவலோடு எல்லா வண்டிகளும் வரிசையாகத்தான் போக வேண்டும். அதை விட்டால் அடுத்த வரிசைக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கேட் திறக்கக் காத்திருந்தோம். ஒரு பெங்காலி அம்மா, பையை எதிர்க்கரையில் விட்டுவிட்டதாகப் புலம்பிக்கொண்டிருந்தார். "சிந்தா மத் கரோ, கவலைப்படாதீங்க, அடுத்த ஃபெர்ரியில வந்துடும்" என்று படகுத்துறை ஊழியர் சமாதானம் சொன்னார்.

விஷயம் முடிந்ததல்லவா? குமரேசன் எழுந்துவிட்டார்.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்ணே. அபி ஆயா, இதோ வந்துட்டேன்!"

"அரே, உன்னை யாருய்யா கேட்டா?"

நான் கேட்டு முடிப்பதற்குள் ஃபெர்ரியில் ஏறிவிட்டார். கேட் திறந்தது. பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுத் தண்ணீரில் ஃபெர்ரி... அதில் குமரேசன், ஸ்கூலுக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி கை அசைத்துக்கொண்டு!

எனக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. இது இரக்கமா, பயமா? சூறைக்காற்றில் படகு ஓட்டுகிறவருக்கு ஒரு வினாத்தாள் பயமா?

போனில் கேட்டேன்.

"சச்சி, உண்மையாத்தான் சொல்றேன்ணே, உதவலாம்னுதான் போனேன். ஆனா பஸ் போனதும் நெஞ்சு லேசாயிடுச்சு. அது ஏன்னு எனக்கே புரியல."

அவரை மட்டும் சொல்வானேன்? இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததும் என் கண்ணுக்கு ஃபேன் இறக்கையில் இருந்த அழுக்குதான் தெரிந்தது. துடைத்தேன். ஃபேன் இப்போது பளபளக்கிறது. எடிட்டர் போன் மேல் போன் போடுகிறார். மிகவும் வேண்டிய காரியத்தின் வாசலில் நிற்கும்போதுதான் மற்ற எல்லா வேலையும் ஏன் அவசரமாகிறது? யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்த தேர்வுக்கு வனஜாவே கூட வந்தார். போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். வழியெல்லாம் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வாசலில் மட்டும் கணவரின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுச் சொன்னார்:

"பாஸ் பண்ண வேணாங்க. உள்ள போய் ஃபெயிலாயிட்டு வாங்க. போதும்."

குமரேசன் அவரையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். இடையில் திரும்பி வந்துவிடுவாரோ என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வனஜா பார்க்கவில்லை. நிம்மதியாக வேர்க்கடலை தின்றார்.

போன வாரம் போன் வந்தது.

"அண்ணே, ரிசல்ட் வந்துடுச்சு. ஃபெயில்!"

அப்படியொரு உற்சாகம் குரலில்.

"எழுத்துல கொஞ்சம் போச்சு. போட் ஓட்டிக் காட்டினது ஏக்தம் ஓகே. அகலா பார், அடுத்த தடவை பக்கா!"

பின்னால் வனஜா சிரிப்பது கேட்டது. இதற்கு என்ன பதில் சொல்வது? ஆறுதலா? திட்டா? வாயில் வந்ததைச் சொன்னேன் — "வாழ்த்துகள்!"