செயலாளரின் வெண்கலக் குரல்

அந்த நாடக அரங்கின் செயலாளருக்குத் தன் குரல்மேல் இருந்த காதல், கட்டிய மனைவிமேல் ஒருநாளும் இருந்ததில்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அரங்க மேடையேறி முதன்முதலாக "வருக வருக" என்றபோது, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்த குரலைக் கேட்டு அவருக்கே புல்லரித்துவிட்டது. மலையுச்சியில் நின்று ஊருக்கு உத்தரவு போடுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து அவருடைய வரவேற்புரை இல்லாமல் எந்த நாடகத்துக்கும் திரை எழாது. மைக்கைத் தொடமாட்டார், வெண்கலக் குரலுக்கு அது எதற்கு?

அவர் குரலை ஊதிப் பெருக்கிய அதே மொட்டைச் சுவர்கள் நடிகர்களின் வாயில் மண்ணைப் போட்டன. முதல் சொல் சுவரில் முட்டித் திரும்புவதற்குள் அடுத்த சொல் புறப்பட்டுவிடும். பின்வரிசைக்கு இரண்டும் கலந்து கூழாகத்தான் வந்து சேரும். போதாக்குறைக்கு மேலே ஏசிக் குழாய் இரைந்துகொண்டே இருக்கும். காதலி 'போகாதே' என்றாளா, 'போய்த் தொலை' என்றாளா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது குறை சொன்னால், "நடிகனுக்குத் தொண்டை இல்லைன்னா நான் என்ன பண்றது? என் பேச்சு கணீர்னு கேக்குதுல்ல?" என்பார். எதையும் இரண்டு தடவை கேட்கவைப்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரெட்டை மணி' என்று பெயர்.

அவருடைய மருமகள், அரங்குகளின் ஒலியைச் சீர்செய்யும் பொறியாளர். அரங்கக் குழு அவளையே அழைத்தபோது அவரால் மறுக்க முடியவில்லை. அவள் படிப்பைப் பற்றி எல்லோரிடமும் அவர்தானே பீற்றிக்கொண்டிருந்தார்! அவள் மேடையில் நின்று ஒருமுறை கைதட்டினாள். சத்தம் அரங்கம் முழுக்க அலைந்துவிட்டு மெல்ல ஓய்ந்தது.

"கேட்டீங்களா மாமா? தட்டினது ஒண்ணு, திரும்பி வர்றது எத்தனை பாருங்க."

"அதாம்மா இந்த ஹாலோட கம்பீரமே!"

"கம்பீரம் இல்ல மாமா, எதிரொலி. சுவர்ல பஞ்சுப் பலகை அடிச்சா அடங்கிடும்."

"பஞ்சா? இதென்ன மெத்தைக் கடையா?"

குழு அவர் பேச்சைக் கேட்கவில்லை. துணி போர்த்திய பஞ்சுப் பலகைகள் சுவர்களில் ஏறின. ஏசிக் குழாயின் உட்புறமும் பஞ்சு ஒட்டி, இரைச்சலை அடக்கினாள்.

புதுப்பித்த அரங்கின் முதல் நாள், செயலாளர் புதுச் சட்டையில் மேடையேறித் தொண்டையைச் செருமினார். செருமல் வெறும் செருமலாகவே கேட்டது. "வருக வருக" என்றார். போன குரல் போனதுதான், திரும்பி வரவில்லை. அவர் காதில் விழுந்தது மூக்கடைத்த ஒரு கிழவரின் ஒல்லிக் குரல். அதைவிடக் கொடுமை, இத்தனை காலம் கூழாகிக் கிடந்த சொற்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தெளிவாக விழுந்தன. அவற்றில் சரக்கே இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது. "இவரு எப்பப்பா முடிப்பாரு?" என்று யாரோ கிசுகிசுத்தது மேடைக்கே கேட்டது. மீதி உரையை விழுங்கிவிட்டு இறங்கினார். பின்னர் நடந்த நாடகத்தில் நாயகியின் பெருமூச்சு கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பும்போது மனைவி அன்பாகத்தான் சொன்னாள்: "இன்னைக்கு அப்படியே நம்ம வீட்ல பேசுற மாதிரியே இருந்துச்சுங்க."

அவர் முகம் செத்துப்போனது. மறுநாள் மருமகளைப் பிடித்தார். "அந்தப் பலகையைக் கொஞ்சம் கழட்டிடேன். நான் பேசி முடிச்சதும் மாட்டிக்கலாம்."

"அது திரைச்சீலை இல்ல மாமா, சுவரோட சேத்து அடிச்சது."

சில நாள் உர்ரென்று திரிந்தார். ஒரு மாலை, அரங்கின் நுழைவுக்கூடத்தைக் கடக்கும்போது தும்மினார். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் அந்தத் தும்மலை இடிமுழக்கமாகத் திருப்பித் தந்தன. மனிதருக்குப் போன உயிர் வந்தது.

இப்போது வரவேற்புரை அங்கேதான். கழிவறைக்கு வரிசையில் நிற்பவர்கள் போக்கிடம் இல்லாமல் கேட்கிறார்கள். "சனங்க நின்னுகிட்டே கேக்குறாங்க, தெரியுமா?" என்று மருமகளிடம் பெருமையடிக்கிறார். "அப்படியா மாமா" என்கிறாள் அவள். நுழைவுக்கூடத்துச் சத்தம் உள்ளே வராதபடி, அரங்கக் கதவுகளின் இடுக்கில் ரப்பர் பட்டை அடிக்க அவள் ஆள் அனுப்பியிருப்பது அவருக்குத் தெரியாது.